கீழ்வரிசைப் பல்

பல் ஆஸ்பத்திரி மாடியில் இருந்தது. கீழே மருந்துக் கடை, அதற்குப் பக்கத்தில் மாடிப்படி, படிக்கு அடியில் மோட்டார் சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் கொஞ்சம் நிழல். அந்த நிழலுக்குள் சக்கர நாற்காலியைத் தள்ளி, பிரேக்கை இழுத்துப் போட்டு, "இங்கயே இரு அழகு, டாக்டரம்மாவால கீழ வர முடியுமான்னு கேட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா மலர்க்கொடி படியேறினாள். அவசரத்தில் நாற்காலியைச் சுவரைப் பார்க்க நிறுத்திவிட்டாள். அவளுடைய செருப்புச் சத்தம் மேலே போய், ஒரு கண்ணாடிக் கதவு திறந்து மூடிய பிறகுதான் இளவழகனுக்கு அது உறைத்தது. கூப்பிட்டுத் திருப்பி வைக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் இறங்கி வந்து திருப்பிவிட்டு, மறுபடி அந்த மூட்டுவலியோடு ஏறியிருப்பாள். வேண்டாம். சுவரும் பார்ப்பதற்கு உள்ளதுதானே. சுண்ணாம்பு உப்பி உதிர்ந்த இடத்தில் பழைய பச்சை, அதற்கும் கீழே அதைவிடப் பழைய நீலம், எவரோ கிழித்துப்போக மிச்சமிருந்த டியூஷன் சென்டர் நோட்டீஸ். முதுகுக்குப் பின்னால் பொன்மலை ரோடு ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸின் ஹாரன், கரும்பு ஜூஸ் மெஷினின் மணி, யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். நாக்கு போய்விட்டது. அவன் அனுப்பவில்லை, அதுவாகவே போய்விட்டது, கீழ்வரிசையில் நடுவில் இருக்கிற அந்தப் பல்லின் பின்பக்கத்துக்கு. போகாதே என்று இழுத்து அண்ணத்தில் ஒட்டவைத்தால், எச்சில் விழுங்கும்போது மறுபடி போய்விடுகிறது. மெல்லத் தள்ளினால் பல் வெளிப்பக்கம் சாய்கிறது, விட்டால் திரும்புகிறது, ஆனால் பழைய இடத்துக்கு இல்லை, கொஞ்சம் முன்னாலேயே நின்றுகொள்கிறது. ஈறு சுடுகிறது. உப்பும் இரும்பும் கலந்த ருசி, அதற்கு அடியில் அழுகல் இனிப்பாக இன்னொன்று. அந்த இன்னொன்றைத்தான் மற்றவர்கள் மோந்து பார்த்துவிடுகிறார்கள்.

இந்த உடம்பில் அவனுக்கென்று மிஞ்சியது வாய்தான். இருபத்திரண்டு வயதில், உய்யக்கொண்டான் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட அன்று, எல்லாரும் குதித்த அதே பாலத்திலிருந்து அவனும் குதித்தான். எல்லாரும் எழுந்து வந்தார்கள், அவனை இழுத்து வந்தார்கள். அதற்குப் பிறகு கழுத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய பொருளாகிவிட்டது. எத்தனை ஆஸ்பத்திரிகள், எத்தனை டாக்டர்கள். முதுகைப் புரட்டிப் புண் இருக்கிறதா என்று பார்த்தார்கள், சிறுநீர்ப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், கிட்னி, நெஞ்சுச் சளி, குதிகால், எல்லாம் பார்த்தார்கள். வாயைத் திற என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. வாய்தான் நன்றாக இருக்கிறதே, பேசுகிறானே, சாப்பிடுகிறானே. அவனும் அப்படித்தான் நினைத்தான். நினைத்தது மட்டுமா, அதை நம்பியே எல்லாவற்றையும் கட்டினான். வேலூரில் முதுகுத்தண்டு வார்டில் இருந்தபோதுதான் ஒரு குச்சியைக் கொடுத்துப் பழக்கினார்கள். ஒரு முழ நீளம், ஒரு முனையில் பல் பதிகிற மாதிரி ரப்பர், மறு முனையில் பென்சில் ரப்பர் போல ஒரு குமிழ். கடித்துக்கொண்டு கழுத்தை ஆட்டிப் போனில் தட்டினால் எழுத்து விழும். முதலில் ஒரு வரி அடிக்க ஒரு காலை ஆயிற்று. பிறகு பாலக்கரை அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை, காதணி விழாப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஊரில் பலருடைய கல்யாணம் அவனுடைய முன்பல் வழியாகத்தான் போயிருக்கிறது. அந்தக் குச்சியை இழுத்து நிறுத்திப் பிடித்தது இந்தக் கீழ்வரிசைதான். இப்போது அதே கீழ்வரிசை.

எப்போது ஆரம்பித்தது என்று அவனுக்குத் தெரியும், அதுதான் வேதனை. துப்புகிற எச்சிலில் சிவப்பு முதலில் வந்த நாள் தெரியும். மலர்க்கொடி காலையில் எழுந்து அவனைப் புரட்டி, முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, பையைக் காலி செய்து, வயிற்றை அமுக்கிக் கழிய வைத்து, கழுவி, துணி மாற்றி, தலையணைகளை முட்டிக்கும் கணுக்காலுக்கும் செருகி முடிக்கும்போது வேர்த்துக் கொட்டிவிடும். அதற்குப் பிறகுதான் பல். மாமாவுக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும், குக்கர் கத்திக்கொண்டிருக்கும், ஒரு கையில் பிரஷ்ஷும் இன்னொரு கையில் கிண்ணமுமாக வந்து முன்னால் நாலு இழுப்பு, பக்கத்துக்கு ரெண்டு, "துப்பு", முடிந்தது. உள்பக்கம் தேய்ப்பதில்லை. உள்பக்கமும் தேய் அக்கா என்று சொல்ல அவனுக்கு எத்தனையோ காலைகள் கிடைத்தன. ஆனால் ஒருத்தியிடம் ஒரு நாளைக்கு எவ்வளவுதான் கேட்பது? தலையைச் சொறிந்துவிடு, ஃபேனைக் குறை, காலை நீட்டு, கண்ணில் ஏதோ விழுந்திருக்கிறது பார். இத்தனைக்கும் நடுவில் பல்லுக்கு உள்பக்கம் என்று ஒன்றையும் சேர்க்க வாய் வரவில்லை. ரத்தம் வந்தபோது அவள்தான் முதலில், "என்னடா சிவப்பா இருக்கு" என்றாள். "பிரஷ் புதுசுல்ல, கீறியிருக்கும்" என்றான் அவன். அவள் அதை நம்பினாள். நம்ப விரும்பினாள் என்று சொல்ல வேண்டும். பிறகு பிரஷ் பட்டால் அவனுக்கு வலிக்கிறது என்று தெரிந்து, பாவம் என்று இன்னும் மெதுவாக, இன்னும் குறைவாகத் தேய்த்தாள். முறுக்கு போயிற்று, கடலை போயிற்று, சப்பாத்தியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாள். மாமா குணசீலன் தங்கமான மனுஷன், சாயங்காலம் வேலை விட்டு வந்தால் அவன் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பார், நடுவில் அவனிடம் ஏதாவது கேட்பார். போன மழைக்காலத்தில் ஒரு நாள் அந்த நாற்காலியை வாசல் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "காத்து வருது" என்றார். காற்று வரும்தான். அன்றிலிருந்து இளவழகன் பேசும்போது உதட்டைப் பாதிக்கு மேல் திறப்பதில்லை, யாராவது குனிந்து பக்கத்தில் வந்தால் மூச்சை அடக்கிக்கொள்கிறான். அடக்கிய மூச்சுக்குள் அவனுடைய வாடை அவனுக்கே அடிக்கிறது.

செலினுக்கு அடிக்காது. செலின் திண்டுக்கல்லில் இருக்கிறாள். அவளுக்கு லாரி விபத்து, கழுத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒரு கையில் ஒரே ஒரு விரல் வேலை செய்கிறது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான வாட்ஸ்அப் குரூப்பில், படுக்கைப் புண்ணுக்கு என்ன தடவலாம் என்று யாரோ கேட்க அவள் ஒன்று சொல்ல, அது தப்பு என்று இவன் சொல்ல, அப்படித்தான் ஆரம்பித்தது. அவளுக்கு விரல், இவனுக்குப் பல். இரண்டு பேரும் மெதுவாக அடிப்பவர்கள் என்பதால் இரண்டு பேருக்கும் காத்திருக்கத் தெரிந்திருந்தது. மூன்று வருஷம். ஹாலில் அவன் கட்டில். டிவி ஓடும், மாமா இருப்பார், அக்காவின் பெண் படித்துக்கொண்டிருப்பாள், அடுப்படியிலிருந்து அக்கா வந்து வந்து போவாள். அத்தனை பேருக்கும் நடுவில் குச்சியைக் கடித்துக்கொண்டு அவன் யாரிடமும் சொல்லாததைச் சொல்லிக்கொண்டிருப்பான், யாருக்கும் தெரியாது. இன்று முழுக்க அழுகையாக வருகிறது என்று அடித்திருக்கிறான், பக்கத்தில் மாமா சிக்ஸருக்குக் கை தட்டிக்கொண்டிருக்க. உங்களை நினைத்துக்கொண்டுதான் விழித்தேன் என்றுகூட ஒரு முறை. அதை அடித்துவிட்டு நாள் முழுக்க வெட்கமாக இருந்தது. "இப்பதான் வாயால சொன்னா போன் அதுவா எழுதிக்குதே மாப்ள, எதுக்கு இந்தக் குச்சியக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறே" என்று மாமா கேட்டபோது, "பழகிடுச்சு மாமா" என்று சொல்லி நிறுத்திக்கொண்டான். வாயால் சொன்னால் போன் எழுதிக்கொள்ளும். வீடும் கேட்டுக்கொள்ளும். குளிப்பது முதல் கழிவது வரை இன்னொருவர் கண் முன்னால் நடக்கிறவனுக்கு மூடிக்கொள்ள ஒரு கதவு இருந்தது என்றால் அது இந்தக் குச்சி மட்டும்தான். அதை எப்படி மாமாவிடம் சொல்வது? செலினும் கேட்டாள், ஒருதரம் வாய்ஸ் அனுப்புங்களேன், உங்க குரல் எப்படி இருக்கும்னு தெரியணும் என்று. ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது, என்று அடித்தான். வீட்டில் யாரும் இல்லாமல் அவன் இருந்ததே இல்லை.

இன்று காலையில் அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. அண்ணன் கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஹோமில் என்னைச் சேர்க்கப் பேசி முடித்துவிட்டான், அண்ணிக்குப் பார்த்துக்கொள்ள முடியவில்லை, சாயங்காலம் வண்டி வருகிறது, அங்கே போன் கையில் கொடுக்க மாட்டார்களாம், போகவா வேண்டாமா என்று நீங்கள் சொல்லுங்கள், நீங்கள் வேண்டாம் என்றால் நான் அண்ணன் காலில் விழுந்தாவது இருந்துகொள்வேன். அதைப் படித்ததும் அவன் தலையில் ரத்தம் ஏறியது. குச்சியை இழுத்துக் கடித்தான், கொஞ்சம் வேகமாகத்தான் கடித்திருக்க வேண்டும். முதல் எழுத்து விழுவதற்குள் கீழ்வரிசைப் பல் மொத்தமாக முன்னால் மடிந்தது, கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று அடித்தது, குச்சி நழுவித் தரையில் விழுந்தது. போர்வையில் ரத்தம். மலர்க்கொடி ஓடி வந்து தாடையைப் பிடித்துத் திறந்து பார்த்தாள். பிறகு போன் போட்டு இந்த ஆஸ்பத்திரியைக் கேட்டாள், படி கொஞ்சம்தான் இருக்கும் வாங்க என்றார்கள், ஆம்னி வேனைக் கூப்பிட்டாள், இறக்கிவிட்டு வேன் பெட்ரோல் போடப் போயிற்று, அவனுடைய போன் அவள் கைப்பையில் இருக்கிறது, கைப்பை மாடியில் இருக்கிறது. வேண்டாம் செலின். போகாதீங்க. ரெண்டே வார்த்தை. இருந்துகொண்டால் மட்டும் என்ன கிடைக்கும் அவளுக்கு? அண்ணி முகத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் கொடுப்பாள். இருந்தாலும் போகாதீங்க. அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை, அடித்தால் போதும், அடிக்கத்தான் வழியில்லை.

"கொஞ்சம் நகத்திக்கறேன்" என்று பின்னால் ஒரு குரல். அவனிடம் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா தெரியவில்லை. பிரேக் விடுபடும் சத்தம், நாற்காலி பின்னால் போய், பக்கவாட்டில் திரும்பி நின்றது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ஆள் போனான். பெட்ரோல் வாசனை அடங்கிய பிறகு, பிரேக்கை அவன் திரும்பப் போடவில்லை என்பது இளவழகனுக்கு விளங்கியது. ஏனென்றால் சுவர் நகர்ந்தது. சுவர் நகராது, அவன்தான் நகர்ந்தான், மிக மெதுவாக, எறும்பு ஊர்கிற மாதிரி. தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும் என்று தரையை ரோட்டுப் பக்கம் சரித்துக் கட்டியிருப்பார்கள் போல. பச்சை போயிற்று, நோட்டீஸ் போயிற்று, சுவர் முடிந்து வெயில் கண்ணில் அடித்தது. சார், என்று கூப்பிட்டான். பாதி திறந்த உதட்டிலிருந்து அது பாதியாகத்தான் வந்தது. மருந்துக் கடைக்காரர் யாருக்கோ சில்லறை எடுத்துக்கொண்டிருந்தார். பஸ் வருகிற இரைச்சல். வாயை முழுக்கத் திறந்து கத்து என்று தனக்குத் தானே சொன்னான். திறந்தான், காற்று ஈறில் பட்டு மண்டை வரை குத்தியது, "சார்" என்று கத்தினான். அதே நேரம் இன்னொன்றும் உள்ளே ஓடியது: கத்தாமல் இருந்தால்தான் என்ன. முன்சக்கரம் சாக்கடை மூடியின் விளிம்பில் இடித்து நின்றது. பஸ் போயிற்று. கடைக்காரர் ஓடி வந்து பிரேக்கைப் போட்டு, "கூட யாருமில்லையா? இப்டியா விட்டுட்டுப் போவாங்க" என்றார். குனிந்தவர் முகத்தைச் சட்டென்று பக்கத்தில் திருப்பிக்கொண்டார். இளவழகன் வாயை மூடினான்.

மலர்க்கொடி டாக்டரோடு இறங்கி வந்தபோது நாற்காலி வேறிடத்தில் இருப்பதைப் பார்த்து வெளிறிப்போனாள். கடைக்காரர் சொன்னதைக் கேட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். டாக்டர் சின்ன வயசுப் பெண், முப்பது இருக்கும். வெறும் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, "வாயத் திறக்கறீங்களா சார், மெதுவாத்தான் தொடுவேன்" என்று கேட்டாள். அப்படி ஒருவர் கேட்பது அவனுக்குப் புதிது. செல்போன் விளக்கை மலர்க்கொடியிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, கையுறை போட்ட விரலால் ஈறை அழுத்தினாள். சீழ் வந்தது. ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்தாள். கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கிளாஸோடு நின்று பார்த்தார்கள். "யாரு பிரஷ் பண்ணி விடறாங்க?" என்றாள். "எங்கக்காதான். நல்லாத்தான் பண்ணுவாங்க. எனக்குத்தான் வாய் ரொம்பத் திறக்க வராது" என்றான் இளவழகன். மலர்க்கொடி அவனைப் பார்க்கவில்லை. டாக்டர் அவனையும் பார்த்து அவளையும் பார்த்துவிட்டு, அதற்கு மேல் கேட்கவில்லை. "கொஞ்சம் முன்னாடியே காட்டியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது. பல்லப் பிடிச்சுக்கிட்டிருக்கிற எலும்பே கரைஞ்சிருக்கு. கீழ முன்னாடி நாலும் எடுத்துத்தான் ஆகணும். மேலயும் ரெண்டு நிக்காது. விட்டா இந்தச் சீழ் நெஞ்சுக்கு இறங்கும், உங்களுக்கு ஏற்கெனவே சளி வேற. மாடிக்கு உங்களத் தூக்கிட்டுப் போறது ஆபத்து, பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்." அவன் கேட்டான், குச்சியைப் பற்றி. எடுத்த இடத்தில் செட் பல் வைத்தால் கடித்துப் பிடிக்க முடியுமா. அவள் முதலில் விளங்காமல் அக்காவைப் பார்த்தாள், மலர்க்கொடி விளக்கிச் சொன்னாள். டாக்டர் கையுறையைக் கழற்றிச் சுருட்டினாள். "அது பாத்தா பல்லு மாதிரி இருக்கும், சாப்பிடலாம். இழுத்துப் பிடிக்கிற வேலைக்கு நிக்காது சார். உண்மையச் சொல்லணும்னா, அந்தக் குச்சி கடிச்ச அழுத்தமும் சேர்ந்துதான் இவ்ளோ சீக்கிரம் ஆடிருக்கு. இன்னிலேருந்து அத வாயில வைக்காதீங்க." அவள் எழுந்து முட்டியிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டாள். நல்ல பெண். மாடியேறும்போது ஒரு தடவை நின்று திரும்பிக்கூடப் பார்த்தாள்.

வேன் இன்னும் வரவில்லை. மலர்க்கொடி நாற்காலியை நிழலுக்குள் இழுத்து, அவன் உதட்டோரத்தைப் புடவைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள். "நான்தான்டா சரியாத் தேய்க்கல" என்றாள். "அப்டியெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைப்பையைத் திறந்தாள். "மேல உக்காந்திருக்கும்போது இது கத்திக்கிட்டே இருந்துச்சு, உன் போனு. அந்தத் திண்டுக்கல்லுப் பொண்ணு." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ரோட்டுச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி, பேப்பர் படிக்கிற குரலில் படித்தாள்: "போகவா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் எனக்கு." நிறுத்தினாள். "கேள்விக்குறி, கேள்விக்குறியாப் போட்டிருக்கு. என்னடா இது? எங்க போவுது? நம்மகிட்ட எதுக்குக் கேக்குது?" அவன் சொல்ல வேண்டியதாயிற்று. "ஏதோ ஹோமுக்கு அனுப்பறாங்களாம். சும்மா, எல்லார்கிட்டயும் கேட்டிருப்பாங்க." "பாவம்" என்றாள் மலர்க்கொடி. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, இந்த வீட்டிலும் ஒரு நாள் அந்தப் பேச்சு வரும் என்று. அல்லது வந்தே விட்டதா, அவனுக்குத் தெரியாமல், அடுப்படிக்குள். "நல்லாப் பாத்துப்பாங்கள்ல, அங்கல்லாம்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அவன் ஒரே ஒரு பதில்தான் சொல்ல முடியும். "பாத்துப்பாங்கக்கா." "அப்ப அதையே சொல்லேன், புள்ள தவிச்சுக்கிட்டிருக்கு. குச்சியெல்லாம் வேணாம்னுட்டாங்களே, இதுலயே பேசு, நான் அழுத்திப் பிடிச்சுக்கறேன்." மைக்கை அழுத்திக்கொண்டு போனை அவன் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினாள். போன் திரையில் வினாடிகள் ஓட ஆரம்பித்தன. அவள் முகம் அவன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது, மூச்சை அடக்கியிருந்தாள், அவன் பேசுவதற்காகவா வாடைக்காகவா தெரியவில்லை. வேண்டாம் செலின். நாக்கு அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு ஆடுகிற பல்லின் பின்னால் வரை வந்து நின்றது. அக்காவின் கண் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "வணக்கம்" என்றான். அவனுக்கே அது வேறு யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. "இளவழகன் பேசறேன். அண்ணன் சொல்றபடி செய்யுங்க. அங்க நல்லாப் பாத்துப்பாங்க. உடம்பப் பாத்துக்குங்க."

மலர்க்கொடி இன்னும் விரலை எடுக்கவில்லை. தோள்வலியில் கை கொஞ்சம் தாழ்ந்தது, போன் அவன் உதட்டில் ஒரு முறை பட்டு விலகியது. "வேற ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கிசுகிசுத்தாள்.

"இல்லக்கா, அவ்ளோதான்" என்றான். "கைய இறக்கிக்கோ, வலிக்கும்."